நம்பினால் என்ன குறைந்துவிடும்?

(வாசகர் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரை, அச்சுக்காகச் சற்றே சுருக்கப்பட்டது)



பிலிப்பைன்ஸ் மக்களின் அன்றாட நம்பிக்கைகள் என்று அழைப்பிதழில் பார்த்ததும் பேய்க்கதை கேட்கலாம் என்று வந்தவர்கள் இங்கே சிலராவது இருப்பீர்கள். பேய் வரும். கொஞ்சம் தாமதமாக வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த நாட்டு மக்களை உங்களில் பலருக்கு நேரிலேயே தெரியும். வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்தவர்களுக்குப் பக்கத்து மேசையில், மருத்துவமனை என்றால் அடுத்த வார்டில், ஒரு பிலிப்பினோ இருந்திருப்பார். 7,641 தீவுகள், நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகள். 2020 கணக்கெடுப்பின்படி நூற்றுக்கு ஏறக்குறைய 79 பேர் ரோமன் கத்தோலிக்கர். தெற்கே மிந்தனாவோவில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். வடக்கே மலைப்பகுதிகளில் தங்கள் பழைய வழிபாட்டை விடாத குடிகள் இருக்கிறார்கள். ஆகவே நான் இன்று 'பிலிப்பினோ நம்பிக்கை' என்று சொல்லும்போதெல்லாம் சமவெளிக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நம்பிக்கை என்றே பெரும்பாலும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் வாயில் அடிக்கடி வரும் ஒரு பேச்சு உண்டு: 'வலா நமாங் மவவலா'. நம்பினால் என்ன குறைந்துவிடப் போகிறது என்று அர்த்தம். வங்கியில் வேலை செய்யும் பெண், 'இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இல்லை' என்பார். இந்த வாக்கியத்தையும் சொல்வார். சொல்லிக்கொண்டே அந்தச் சாங்கியத்தைச் செய்தும் முடித்துவிடுவார். நம் வீடுகளில் 'எதுக்கு வம்பு, செஞ்சுட்டுப் போவோம்' என்கிறோமே, அதேதான். இந்த ஒரு வாக்கியத்திடம் இன்று கணக்குக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். நிஜமாகவே எதுவும் குறைவதில்லையா? குறைந்தால் யாருக்குக் குறைகிறது?

சாவு வீட்டிலிருந்து தொடங்குகிறேன். அவர்களுடைய நம்பிக்கைகளில் பாதி அங்கேதான் குடியிருக்கிறது.

இறந்தவரை உடனே அடக்கம் செய்வது அங்கே பெரும்பாலும் வழக்கமில்லை. உடலைப் பதப்படுத்தி, மேலே கண்ணாடி பதித்த பெட்டியில் கிடத்தி, வீட்டுக் கூடத்திலேயே மூன்று நாள் முதல் ஒரு வாரம் வரை வைத்திருப்பார்கள். துபாயிலிருந்து மகள் வர வேண்டுமென்றால் இன்னும் நீளும். இந்தக் காத்திருப்புக்கு லமாய் என்று பெயர். உடலைத் தனியாக விடக் கூடாது, இரவு முழுக்க யாராவது விழித்திருக்க வேண்டும் என்பது முதல் விதி. விழித்திருப்பதற்குக் காப்பி, பிஸ்கட், கொறிக்கத் தர்பூசணி விதை, பிறகு சீட்டுக்கட்டு. அனுமதியில்லாத சூதாட்டம் சட்டப்படி குற்றமானாலும் லமாய் வீட்டில் ஆடுவதைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. ஏனென்றால் ஆட்டத்தில் ஒரு பங்கு இறந்தவர் குடும்பத்துக்குப் போகிறது. வருகிறவர்கள் உறையில் வைத்துக் கொடுக்கும் பணம் வேறு இருக்கிறது, அதற்கு அபுலோய் என்று பெயர். நம் மொய்யைப் போலத்தான். சவப்பெட்டிக்கும் கல்லறைக்குமான செலவில் ஒரு பகுதி அந்தக் கூடத்திலேயே திரண்டுவிடும்.

இனி விலக்குகள். உடல் இருக்கும் வரை வீட்டைக் கூட்டக் கூடாது. கண்ணீர் பெட்டிக் கண்ணாடி மீது விழக் கூடாது. துக்கம் கேட்க வந்தவர்களை வீட்டார் வாசல் வரை போய் வழியனுப்பக் கூடாது. நாமும் சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லாமல்தானே எழுந்து போகிறோம். அடக்கத்துக்குப் புறப்படும் முன் வீட்டுக் குழந்தைகளைப் பெட்டிக்கு மேலாகத் தூக்கி அந்தப் பக்கம் கைமாற்றுவார்கள், இறந்தவர் அவர்களைத் தேடி வராமல் இருப்பதற்காக. இறந்தவர் கையில் சுற்றிய ஜெபமாலையை அறுத்துவிடுவார்கள், சாவு சாவாகத் தொடராமல் இருப்பதற்காக.

செத்தவர் கொலையுண்டவர் என்றால் பெட்டியின் மேல் ஒரு கோழிக்குஞ்சை விடுவார்கள். அது கொத்தும் ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் மனசாட்சியில் விழும் என்பது நம்பிக்கை. 2016க்குப் பிறகு, போதைப்பொருள் ஒழிப்பு என்ற பெயரில் மணிலாவின் ஏழைக் குடியிருப்புகளில் தினமும் பிணம் விழுந்த நாட்களில், பத்திரிகைப் படங்களில் அந்தக் குஞ்சுகள் தென்பட்டன. வழக்குத் தொடுக்க வழியில்லாத ஒரு தாய் அதைவிட வேறு என்ன மனு எழுதிப் போட முடியும்? இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு வாய் வரவில்லை.

லமாய் வீட்டிலிருந்து கிளம்புகிறவருக்கும் ஒரு விதி உண்டு. நேராகத் தன் வீட்டுக்குப் போகக் கூடாது. போனால் இறந்தவர் கூடவே வந்துவிடுவார். எனவே வழியில் எங்காவது இறங்கி, உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டதை உதறிவிட்டுப் போக வேண்டும். இதைப் பக்பக் என்பார்கள். நாம் தலைமுழுகிவிட்டு வீட்டுக்குள் நுழைகிறோம், அவர்கள் கடைக்குள் நுழைகிறார்கள். பெரும்பாலும் இரவு முழுக்கத் திறந்திருக்கும் துரித உணவகம், இல்லையென்றால் பெட்ரோல் பங்குக் கடை. யோசித்துப் பாருங்கள். பல வருடம் பார்க்காத பள்ளித் தோழர்கள் ஒரு சாவில் சந்திக்கிறார்கள். சாவு வீட்டில் சிரித்துப் பேச முடியாது. அப்படியே கலைந்து போகவும் மனம் வராது. பக்பக் இருக்கிறதே! நான்கு பேரும் ஒரு மேசையில் உட்கார்ந்து, செத்துப்போனவனின் குறும்புகளையெல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டுப் பிரிகிறார்கள். ஆவி கடையில் இறங்கிக்கொள்கிறதோ இல்லையோ, துக்கம் கொஞ்சம் இறங்கிவிடுகிறது. என் கணக்கில் இங்கே எதுவும் குறையவில்லை. வரவுதான்.

அடுத்தது கைக்குழந்தை. நம் வீடுகளில் திருஷ்டி என்கிறோமே, அதற்கு அங்கே ஊசோக் என்று பெயர். புதிதாக வந்த ஒருவர் குழந்தையைக் கொஞ்சுகிறார், 'எவ்வளவு அழகு!' என்கிறார். அன்றிரவு குழந்தை வீறிட்டு அழுகிறது, வயிறு உப்புகிறது, காய்ச்சல் அடிக்கிறது. கருப்பும் சிவப்புமாக மணி கோத்த காப்பைக் குழந்தையின் மணிக்கட்டில் கட்டுவது இதைத் தடுக்கத்தான். மணிலாவில் கியாப்போ தேவாலயத்தைச் சுற்றியுள்ள நடைபாதைக் கடைகளில் மெழுகுவத்தி, மூலிகை, தாயத்து இவற்றோடு அந்தக் காப்பும் விற்கிறது. இதுவரை நமக்குப் பழகிய கதை. வேறுபாடு பரிகாரத்தில் இருக்கிறது. நாம் மிளகாயைச் சுற்றி நெருப்பில் போடுவோம். கண் வைத்தவர் யார் என்று மனதுக்குள் ஒரு பட்டியல் இருக்கும், அவரிடம் போய்ச் சொல்ல மாட்டோம். ஆயுசுக்கும் ஒரு கசப்பு மட்டும் மிஞ்சும். அங்கே கொஞ்சியவரையே கூப்பிட்டுவிடுகிறார்கள். அவர் தன் எச்சிலைக் கொஞ்சம் விரலில் தொட்டுக் குழந்தையின் வயிற்றிலோ பாதத்திலோ தடவ வேண்டும். விவரம் தெரிந்தவர் கொஞ்சும்போதே 'புவேரா ஊசோக்' என்று சொல்லிவிடுவார், ஊசோக் அண்டாமல் போகட்டும் என்று. அவர் கெட்டவர் என்று யாரும் சொல்வதில்லை. அவர் உடம்பின் சூடு குழந்தைக்குத் தாங்கவில்லை, அவ்வளவுதான். பகை வளர இடமே வைக்காத ஏற்பாடு. அடுத்தவர் எச்சில் பச்சைக் குழந்தைமேல் படுவதை மருத்துவர்கள் விரும்ப மாட்டார்கள், அது நியாயமும்கூட. ஆனால் எச்சில் இல்லாத 'புவேரா ஊசோக்'கில் கிருமி ஏது?

மானுடவியலாளர் மைக்கேல் டான் இந்த ஊசோக்கையும், பஸ்மா, குலாம் என்ற இன்னும் இரண்டையும் வைத்து ஒரு நூலே எழுதினார். குலாம் என்பது நம் ஏவல், பில்லி, சூனியம். பஸ்மா அதைவிடச் சுவாரசியமானது. சூடேறிய உடம்பில் குளிர்ந்த நீர் பட்டால் நரம்பு கெடும், கை நடுங்கும், உள்ளங்கை வியர்க்கும் என்பது அந்த நம்பிக்கை. நாள் முழுக்க இஸ்திரி போட்ட பெண் உடனே தண்ணீரில் கை வைக்க மாட்டாள். வேலை முடிந்து வந்தவர் உடனே குளிக்க மாட்டார். துணி துவைப்பவர்கள், ஓட்டுநர்கள், இஸ்திரிக்காரர்கள் என்று உடலுழைப்பாளிகளே அதிகம் பேசும் நோய் இது. இஸ்திரி முடிந்த கையோடு பாத்திரம் தேய்க்கச் சொல்லும் எசமானியிடம் 'பஸ்மா வந்துடும்' என்று ஒரு வேலைக்காரப் பெண் சொல்லலாம். 'களைப்பாக இருக்கிறது' என்று சொல்ல முடியாது. எல்லா நடுக்கத்தையும் பஸ்மா என்று சொல்லி, தைராய்டையும் சர்க்கரையையும் பார்க்காமல் விடுவதுதான் இதில் உள்ள இழப்பு.

இயற்கை தொடர்பானவை ஏராளம். எனக்கு மிகப் பிடித்த சிலவற்றை மட்டும் சொல்கிறேன். புதரோரம், புற்றோரம், பெரிய மரத்தடியில் நடக்கும்போது 'தாபி-தாபி போ' என்று முணுமுணுப்பார்கள். 'ஐயா, கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ளுங்கள், போய்க்கொள்கிறேன்' என்கிற மாதிரி. புற்றுக்குள் நூனோ என்ற குள்ளக் கிழவர் இருக்கிறார். தெரியாமல் மிதித்தாலோ மேலே சிறுநீர் கழித்தாலோ உறுப்பு வீங்கும். பலேதே என்னும் ஆல இன மரத்தில் கப்ரே என்ற பூதம் சுருட்டுப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். குதிரைத் தலை கொண்ட திக்பாலாங் வழிப்போக்கர்களைச் சுற்றிச் சுற்றி அலைய வைக்கும். சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டால் வழி தெரிந்துவிடும். வெயிலும் மழையும் சேர்ந்து வந்தால் திக்பாலாங்குக்குக் கல்யாணம். நம்மூரில் அதே வேளையில் காக்காய்க்கும் நரிக்கும் கல்யாணம் நடக்கிறது. முகூர்த்தம் ஒன்றுதான், மாப்பிள்ளைதான் வேறு. மரத்தடியில் ஒதுங்கும் ஆண்கள் அனுமதி கேட்டுவிட்டுத்தான் ஒதுங்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை நம் நகரங்களுக்கு வந்தால் மாநகராட்சிக்கு எவ்வளவோ மிச்சம்.

வீடு கட்டுவதை வேகமாகக் கடக்கிறேன். படிக்கட்டை ஓரோ, பிளாட்டா, மாத்தா என்று எண்ணிக்கொண்டே போவார்கள். பொன், வெள்ளி, சாவு. கடைசிப் படி மாத்தாவில் முடியக் கூடாது. பீக்கே கலாகா 1982இல் எடுத்த புகழ்பெற்ற திரைப்படத்துக்கு இதுதான் தலைப்பு. இன்றைக்கும் வீடு கட்டுகிறவர்கள் பலர் எண்ணிவிட்டுத்தான் வரைபடத்தை ஒப்புக்கொள்கிறார்கள். செலவு அதிகம் போனால் ஒரு படி. கல்யாணத்தில் சுகோப் என்று ஒன்று: உடன்பிறந்தவர்கள் இருவர் ஒரே ஆண்டில் மணம் செய்யக் கூடாது, வீட்டில் சாவு விழுந்த ஆண்டிலும் கூடாது. 2006இல் இதே பெயரில் வந்த திகில் படம் நன்றாக ஓடியது. ஒரு தகப்பன் ஒரே வருஷத்தில் இரண்டு கல்யாணச் செலவில் மூழ்காமல் இருக்க இந்தப் பயம் கை கொடுக்கும். ஆனால் காத்திருக்கும் பெண்ணுக்கு ஒரு வருஷம் ஒரு வருஷம்தான். அவள் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் போகிறவள் என்றால் அது இரண்டு மூன்று வருஷமாகவும் ஆகலாம்.

வீட்டுக்குத் தூண் நடும்போது சேவலை அறுத்து ரத்தம் விடுவதும், குழியில் காசு போடுவதும் உண்டு. இந்தச் சேவல் ஒரு சமயம் அரசியலுக்குள் நடந்து போனது. சமார், லெய்தே என்ற இரு தீவுகளையும் இணைக்கும் சான் ஹுவானிக்கோ பாலம், இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று அதிக நீளம், 1973 ஜூலையில் திறக்கப்பட்டது. அதிபர் மார்க்கோஸின் மனைவி இமெல்டாவின் பிறந்தநாளையொட்டித் திறந்தார்கள். லெய்தே அவருடைய சொந்த மண். பாலத் தூண்களில் தெருப்பிள்ளைகளின் ரத்தத்தை ஊற்றினார்கள் என்ற வதந்தி அப்போதே கிளம்பியது, இன்றும் சொல்கிறார்கள். ஆதாரம் எதுவும் கிடையாது. ஆனால் அது எப்போது பிறந்தது பாருங்கள். 1972 செப்டம்பரில் ராணுவச் சட்டம் வந்து, பத்திரிகைகளைப் பூட்டி, எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளிய காலம். இவ்வளவு பெரிய பாலம் யார் பணத்தில், யாருக்காக என்று அச்சில் கேட்க முடியாது. பிள்ளை பிடிக்கிறார்கள், ரத்தம் கேட்கிறார்கள் என்று அடுப்படியில் சொல்லலாம். வாய்ப்பூட்டுப் போட்ட ஊரில் வதந்திதான் தலையங்கம் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

இனி உயிர் போகும் இடத்துக்கு வருகிறேன். இதில் சற்று நின்று பேச வேண்டும்.

பங்குங்கோட் என்று ஒரு சாவு. திடகாத்திரமான இளைஞன், பெரும்பாலும் ஆண், இரவு வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் படுக்கிறான். நடு இரவில் முனகுகிறான், மூச்சுத் திணறுகிறான். விடியும்போது பிணம். வடக்கே இலோக்கானோ மக்கள் இதைப் பத்திபத் என்ற பருத்த கிழவியின் வேலை என்பார்கள். மரத்தை வெட்டித் தூணாக நட்டதால் வீடிழந்தவள் அவள். தூணருகே தூங்குகிறவன் நெஞ்சில் ஏறி உட்கார்ந்து பழி தீர்ப்பாள். தப்பிக்க வழி, கனவிலேயே கட்டைவிரலைக் கடிக்க வேண்டும், அல்லது கால்விரலை அசைக்க வேண்டும்.

2002 மார்ச் 29, புனித வெள்ளியன்று, ரிக்கோ யான் என்ற புகழ்பெற்ற நடிகர் பலாவானில் ஒரு விடுதியில் தூக்கத்திலேயே இறந்துபோனார். வயது 27. கணையத்தில் ஏற்பட்ட கடும் அழற்சியும் ரத்தக்கசிவும் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். ஊர் பங்குங்கோட் என்றது. இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பேசிய மருத்துவர்களும் உண்டு. ஆனால் இந்த வகைச் சாவுகள் பலவற்றின் மூலம் இதயத்தில் இருக்கிறது என்பது வேறொரு வழியில் தெரிய வந்தது. இதயத்துடிப்பின் மின்னோட்டத்தில் உள்ள ஒரு கோளாறை ப்ருகாடா சகோதரர்கள் 1992இல் விவரித்தார்கள். அந்தக் கோளாறு இருப்பவருக்கு இதயம் பெரும்பாலும் ஓய்விலோ உறக்கத்திலோ திடீரென்று தாளம் தப்பும். தென்கிழக்கு ஆசிய இளைஞர்களின் இரவுச் சாவும் இதே மரபணுக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று 2002இல் ஓர் ஆய்வு காட்டியது. ரிக்கோ யான் இறந்த அதே ஆண்டு.

மரபணு என்றால் என்ன? அண்ணன் பங்குங்கோட்டில் போனான் என்றால் தம்பிக்கும் அது இருக்கலாம். ஈசிஜி என்ற எளிய பரிசோதனையில் பல நேரம் அடையாளம் தெரியும். நெஞ்சில் ஒரு சிறு கருவி பொருத்திக் காப்பாற்றவும் முடியும். பத்திபத் மேல் பழியைப் போட்டு, தூணருகே படுக்காதே, நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்காதே என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பிவிட்டால்? குறைவது தம்பி. 'வலா நமாங் மவவலா' என்ற வாக்கியம் என்னிடம் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். கால்விரலை அசைக்கட்டும், அதனால் கெடுதல் இல்லை. மறுநாள் ஈசிஜி எடுக்க வேண்டும்.

பேய் கேட்டவர்களுக்கு அஸ்வாங் வந்துவிட்டது. பகலில் சாதாரணப் பெண்ணாக நடமாடும். இரவில் மாமிசம் தின்னும். அதில் ஒரு வகை, மனனங்கல், இடுப்போடு பிரிந்து மேல்பாதி மட்டும் பறந்து போய், கூரை மேலிருந்து நூல்போன்ற நாக்கை இறக்கிக் கருவிலுள்ள சிசுவை உறிஞ்சும். நின்றுகொண்டிருக்கும் கீழ்ப்பாதியில் உப்போ சாம்பலோ பூண்டோ தடவிவிட்டால் திரும்ப ஒட்ட முடியாமல் விடியலில் சாகும். ஹுவான் தே பிளாசென்சியா என்ற பிரான்சிஸ்கன் துறவி 1589இலேயே எழுதிய குறிப்பில் அஸ்வாங் இருக்கிறது. தகாலோக் மக்களிடம் இது இல்லை, பிசாயா தீவுகளில்தான் உண்டு என்று அவரிடம் சொன்னார்களாம். பேய் எப்போதும் பக்கத்து ஊரில்தானே இருக்கும்! பழைய பெண் பூசாரிகளான பாபாய்லான்களையும் சாத்தானின் ஊழியக்காரர்கள் என்று எழுதிவைத்தவர்கள் இவரைப் போன்ற துறவிகள்தாம் என்பதையும் மறக்க வேண்டாம். கர்ப்பம் கலைந்தால் பழி சொல்ல ஒரு பெண் வேண்டும். தனியாக வாழும் கிழவி, மருத்துவச்சி, ஊருக்குப் புதிதாக வந்தவள் என்று யாராவது அகப்படுவாள்.

பனாய் தீவின் காபிஸ் மாகாணம்தான் அஸ்வாங்குக்குப் பேர்போனது. அதே பனாயில் ஒரு பரம்பரை நோய் இருக்கிறது, உள்ளூரில் லூபாக் என்பார்கள். உடல் முறுக்கிக்கொள்ளும், நாக்கு வெளியே துருத்தும், பிறகு நடுக்கம். பெரும்பாலும் வயது வந்த ஆண்களைத் தாக்குகிறது. முறுக்கிக்கொண்டு நாக்கு நீட்டும் மனிதரை இருட்டில் பார்த்தவர்கள் கதை கட்டியிருக்கலாம் என்று மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். மனனங்கல் கதை முழுவதற்கும் இது விடையாகாது, அதே மாதிரி பறக்கும் தலைகள் மலேசியாவிலும் தாய்லாந்திலும் உண்டு. ஆனால் நோயாளியின் குடும்பம் 'அஸ்வாங் வீடு' என்ற பெயரையும் சேர்த்துச் சுமந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். அந்த வீட்டுப் பெண்ணை யார் கட்டுவார்கள்?

நம்பிக்கையால் வந்த இழப்பில் நான் படித்தவற்றுள் மிகக் கொடியதைச் செய்தவர் நம்பிக்கையே இல்லாத ஒருவர். 1950களின் தொடக்கம், லூசோனில் ஹுக் என்ற விவசாயக் கிளர்ச்சியாளர்களை அரசு ஒடுக்கிக்கொண்டிருந்தது. அமெரிக்க அதிகாரி எட்வர்ட் லான்ஸ்டேல் ஆலோசகர். ஒரு குன்றில் ஹுக் படை உட்கார்ந்திருந்தது. அங்கே அஸ்வாங் இருக்கிறது என்று முதலில் ஊருக்குள் புரளியைப் பரப்பினார்கள். வதந்தி மலையேறச் சில நாள் விட்டார்கள். பிறகு இரவு ரோந்து வந்த ஹுக் வரிசையின் கடைசி ஆளைச் சத்தமில்லாமல் பிடித்து, கழுத்தில் இரண்டு துளை போட்டு, தலைகீழாகத் தூக்கிப்பிடித்து ரத்தத்தை வடித்து, பிணத்தை மறுபடி பாதையில் போட்டார்கள். தோழனைத் தேடி வந்தவர்கள் பார்த்தார்கள். விடிந்ததும் அந்தப் படை குன்றைக் காலி செய்துவிட்டது. இதை லான்ஸ்டேலே 1972இல் வெளியான தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். தந்திரம் பலித்தது என்ற தொனியில் எழுதியிருக்கிறார். அந்த வரிசையில் கடைசியாக நடந்தவனுக்கு ஒரு பெயர் இருந்திருக்கும்.

புத்தாண்டுக்கு உருண்டையான பழங்கள் பன்னிரண்டோ பதின்மூன்றோ வாங்குவது, பணம் சேரப் புள்ளிப் புள்ளியாய்ச் சட்டை போடுவது, உயரம் வளர நள்ளிரவில் குழந்தைகள் குதிப்பது எல்லாம் உங்களுக்கே தெரிந்திருக்கும். சத்தம் போட்டால் கெட்டது ஓடும் என்று வெடிக்கும் பட்டாசில்தான் விரல்கள் போகின்றன. ஒவ்வொரு டிசம்பரிலும் அந்நாட்டுச் சுகாதாரத் துறை காயப்பட்டவர்களின் கணக்கை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வீதிகளில் தனித்தனியாக வெடிப்பதைக் கட்டுப்படுத்த 2017இல் அதிபர் ஆணை ஒன்றும் வந்தது. வளர்வதற்குக் குதிக்கும் குழந்தைக்கு எந்த ஆணையும் தேவைப்படவில்லை.

கடைசியாக வைத்தியர். அல்புலார்யோ என்பார்கள். மெழுகை உருக்கித் தண்ணீரில் சொட்டவிட்டு, அது உறையும் உருவத்தைப் பார்த்து, உன்னைத் தாக்கியது நூனோவா, சூனியமா என்று சொல்வார். சிக்கிஹோர் என்ற சிறு தீவில் புனித வாரத்தில் இவர்கள் மலையேறி மூலிகை பறித்து, பெரிய சனிக்கிழமை காய்ச்சுவதைப் பார்க்கவே சுற்றுலாப் பயணிகள் போகிறார்கள். இவர்களைச் சட்டம் போட்டு ஒழிக்க முடியாது, ஒழிக்கவும் வேண்டாம் என்று அந்த அரசு நினைத்தது, எனக்குச் சரியாகவே படுகிறது. அவர்கள் பையிலிருந்த இலைகளை எடுத்துச் சோதித்தார்கள். பத்துச் செடிகளைச் சுகாதாரத் துறை அங்கீகரித்தது. அவற்றில் நம் கொய்யா, பாகல், பூண்டு, சீமை அகத்தி எல்லாம் உண்டு. 1997இல் பாரம்பரிய மருத்துவத்துக்கென்றே ஒரு சட்டம் இயற்றினார்கள். அந்தப் பத்தில் ஒன்று லகுண்டி, இருமலுக்கும் சளிக்கும். லகுண்டி வேறொன்றுமில்லை, நாம் ஆவி பிடிக்கும் நொச்சிதான். இன்று மணிலாவில் எந்த மருந்துக் கடையிலும் மாத்திரையாகவும் பாகாகவும் கிடைக்கிறது. குழந்தைக்கு எத்தனை மில்லி, பெரியவருக்கு எத்தனை என்று புட்டியிலேயே அச்சிட்டிருக்கிறார்கள். அல்புலார்யோ இலையைக் கொடுக்கும்போது வாய்க்குள் ஓதும் பாதி லத்தீன் ஜெபத்தை மட்டும் கம்பெனி சேர்க்கவில்லை. அதை இன்னும் பாட்டிமார்கள்தான் பாகை ஊற்றிக்கொடுக்கும்போது சொல்லிக்கொள்கிறார்கள்.